அப்பா மைக்கை மட்டும் தொட்டால் போதும்

எங்கள் வீட்டு கராஜில் இப்போது கார் நிற்பதில்லை. ஒரு டிரம் செட், முழங்கால் உயரத்துக்கு ஒரு ஆம்ப், ஊரிலிருந்து வந்த ஜமக்காளம் இரண்டு, காஸ்ட்கோ அட்டைப்பெட்டிகள். கிடார் என் மகள், 11 வயது. டிரம்ஸ் என் அக்கா மகள், 13 வயது. பேஸ் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பேண்டின் பெயர் வாராவாரம் மாறுகிறது, அதனால் இங்கே எழுதிப் பிரயோஜனம் இல்லை.

என் அம்மாவுக்கு இதில் பெரிய சம்மதம் கிடையாது. "வயலின் ஒண்ணு சும்மாத்தானே கிடக்கு, அதைக் கத்துக்கலாமில்ல?" என்பார். அந்த வயலின் அக்காவுடையது. நான் மிருதங்கம். இங்கே பிறந்து வளர்ந்த நம்மில் பலரைப் போல எனக்கும் சனிக்கிழமை என்றால் காலையில் தமிழ்ப் பள்ளி, மத்தியானம் யாரோ ஒருவர் வீட்டு ஃபேமிலி ரூமில் மிருதங்க வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் விட்டுவிட்டேன். சரி, கிடார் மட்டும் நமக்கு அந்நியமா என்ன? 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா'வை கிடார் இல்லாமல் நினைச்சுப் பாருங்கம்மா என்றேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன அக்டோபரில் மகள் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பாட்டு எழுதினாள். இங்கிலீஷ் பாட்டுதான். பள்ளிக்கூடம் பற்றி, நாலு நாலு வரியாக மூன்று பத்தி. எனக்குக் காட்டினாள். ஒரே பெருமை எனக்கு. பெருமை வந்தால் நம்ம ஆட்கள் என்ன செய்வோம்? திருத்துவோம். இரண்டாவது பத்தியில் ஒரு வரி தாளத்தில் உட்காரவில்லை. தன் பென்சிலைத் தொடாதே என்று ஒருத்தன் சொல்வதாக வரும் வரி. மற்ற வரியெல்லாம் எட்டு எண்ணிக்கைக்குள் முடிய, இது மட்டும் நீண்டுகொண்டு வெளியே நின்றது. ஆபீஸில் தினமும் கோட் ரிவ்யூ பண்ணுகிற கை இல்லையா, அந்த வரியை அடித்துவிட்டு அளவாக வேறொன்று எழுதிக் கொடுத்தேன். "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அதற்கப்புறம் மூன்று வாரம், நான் வீட்டில் இருக்கும்போது கிடாரைத் தொடவே இல்லை.

அந்த வரி நிஜமாக நடந்தது. "நீ கையால சாப்பிடுறவ, என் பென்சிலைத் தொடாதே" என்று வகுப்பில் ஒரு பையன் சொல்லியிருக்கிறான். எங்களிடம் அவள் சொல்லவில்லை. பாட்டில் எழுதினாள். அதைத்தான் நான் தாளம் சரியில்லை என்று அடித்தேன்.

எனக்கு இது தெரிய வந்தது அக்கா மகள் மூலமாக. ஒருநாள் காரில் போகும்போது, "மாமா, இதைப் பாருங்க, அப்புறம் அவ பாட்டைப் பத்தி ஒண்ணு சொல்றேன்" என்று போனை நீட்டினாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தேன்.

2021 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தின் சைப்ரஸ் பார்க் கிளையில் எடுத்த வீடியோ. பின்னால் புத்தக அலமாரிகள். முன்னால் 10 முதல் 16 வயது வரை நாலு பெண்கள். பேண்டின் பெயர் தி லிண்டா லிண்டாஸ். பாட்டு தொடங்கும் முன் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும் 10 வயது மீலா டி லா கார்சா காரணம் சொல்கிறாள். கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு, வகுப்பில் ஒரு பையன், சீனர்களிடமிருந்து விலகி இருக்கும்படி தன் அப்பா சொன்னதாக அவளிடம் சொன்னான். நானே சீன வம்சாவளிதான் என்று அவள் சொன்னதும் பின்வாங்கினான். அந்த அனுபவத்தை வைத்து அவளும் பேஸ் வாசிக்கும் எலோய்ஸ் வோங்கும் சேர்ந்து எழுதிய பாட்டுதான் 'ரேசிஸ்ட், செக்ஸிஸ்ட் பாய்'. எலோய்ஸ் தொண்டை கிழியக் கத்துவதும் மீலா வேகமாகப் பாடுவதும் மாறி மாறி வரும். எதுகை, அளவு எதையும் நான் கவனிக்கவில்லை. கவனிக்கத் தோன்றவில்லை.

வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. சில நாளில் எபிடாஃப் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஜூன் மாதம் ஜிம்மி கிம்மல் நிகழ்ச்சியில் வாசித்தார்கள். ஒரே நாளில் புகழ் என்று எல்லோரும் எழுதினார்கள். அது சரியில்லை. 2018-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'கேர்ள்ஸ்கூல்' என்ற இசை விழாவுக்காக, பெரிய அனுபவம் எதுவும் இல்லாமல் மேடையேறிய பிள்ளைகள் இவர்கள். மீலாவும் கிடார் வாசிக்கும் லூசியாவும் அக்கா தங்கை. எலோய்ஸ் அவர்களுக்கு கசின். இன்னொரு கிடார் பெலா சலசார், குடும்ப நண்பர். நூலக வீடியோவுக்கு முன்பே, 2019-ல், பிகினி கில் பேண்டுக்கு முன்னதாக ஹாலிவுட் பலேடியத்தில் வாசித்திருக்கிறார்கள். மூன்று வருஷம் யாரோ ஒருவர் இவர்களை காரில் கூட்டிப் போய், ஆம்ப்பைத் தூக்கி இறக்கியிருக்கிறார்.

எனக்கு அந்த 'யாரோ' மேல்தான் ஆர்வம். எலோய்ஸின் அப்பா மார்ட்டின் வோங், 'ஜயன்ட் ரோபோ' என்ற ஆசிய-அமெரிக்கப் பத்திரிகையைத் தொடங்கிய இருவரில் ஒருவர். சைனாடவுனில் உள்ள காஸ்டெலார் தொடக்கப் பள்ளியின் இசை வகுப்புக்குப் பணம் திரட்ட, மனைவியோடு சேர்ந்து 'சேவ் மியூசிக் இன் சைனாடவுன்' என்று பகல்நேரக் கச்சேரிகள் நடத்தினார். அதில் வாசித்ததெல்லாம் பங்க் ராக் பேண்டுகள்! நம்ம ஊர்க்காரர்கள் பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் விழா வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மேடையில் நம்ம பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். அவர்கள் மேடையில் பிள்ளைகள் தாங்களே எழுதினதைக் கத்தினார்கள். ரெண்டுமே ஊர் கூடி நடத்துவதுதான்.

மீலா, லூசியாவின் அப்பா கார்லோஸ் டி லா கார்சா இசைத் தயாரிப்பாளர். பாரமோர் குழுவின் 'திஸ் இஸ் வை' ஆல்பத்தைத் தயாரித்தவர். 2024-ல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி வாங்கிய ஆல்பம் அது. அதற்கும் முன்னால் ரீல் பிக் ஃபிஷ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். மகளும் டிரம்ஸ். இந்த மாதிரி ஒரு அப்பா கையில் சிக்கினால் பிள்ளைகளின் பாட்டு என்ன ஆகியிருக்கணும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் முழு ஆல்பமான 'குரோயிங் அப்' (ஏப்ரல் 2022) அவர் தயாரித்ததுதான். 10 பாட்டு, சுமார் 25 நிமிஷம். கொரோனா காலத்தில் சேர்ந்து பயிற்சி செய்ய முடியாமல், ஆளுக்கொரு வீட்டில் இருந்து எழுதினதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேரும் எழுதுகிறார்கள், நாலு பேரும் பாடுகிறார்கள். 'நீனோ' என்று ஒரு பாட்டு, பெலாவின் பூனையைப் பற்றி. ஒரு பூனைப் பாட்டை அவ்வளவு அக்கறையாக, அவ்வளவு சுத்தமான ஒலியில் பதிவு செய்திருக்கிறார் மனுஷன். பெரியவர்கள் நுழைத்த வரி மாதிரி ஒன்றுகூட என் காதில் படவில்லை.

பெலா ஸ்பானிஷில் பாடும் 'குவாந்தாஸ் வெஸெஸ்' பாட்டும் அதில் இருக்கிறது. எத்தனை முறை என்று அர்த்தம். அதைக் கேட்டதும் "நீயும் தமிழ்ல ஒரு பாட்டு எழுதேன்டா" என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது நிஜமா நடந்துச்சுப்பா, அதான் நீளமா இருக்கு" என்றாள். பென்சில் விஷயத்தைப் பள்ளியில் பேசலாமா என்று அவளையே கேட்டு, சரி என்ற பிறகு ஆசிரியையிடம் பேசினோம். அவர் பையன் வீட்டாரிடமும் பேசினார். பாட்டு பழைய வரியோடு திரும்பி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: "நீங்க மைக்கை மட்டும் தொடுங்க."

அதனால் மைக் வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வது ஒரு வழி. பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் 10 பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் அப்படித்தான் முடித்தார்கள். நமக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கினோம். இரண்டு மைக் செருகும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக். 1965-ல் வந்த மாடல், இன்றைக்கும் சுமார் நூறு டாலர்தான். முதலில் மகள் ஹெட்ஃபோனில் மெட்ரோனோம் கேட்டுக்கொண்டு வழிகாட்டிக்காக கிடார் வாசிப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு அக்கா மகள் டிரம்ஸ். டிரம்ஸ் உறுதியாக நின்றபின் வழிகாட்டி கிடாரை எடுத்துவிட்டு, நிஜ கிடாரை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடது பக்கம், ஒன்றை வலது பக்கம் வைக்கணும். ஒரே பதிவை காப்பி பண்ணி இரண்டு பக்கமும் போட்டால் வேலைக்காகாது, அது நடுவிலேயே கேட்கும். மனுஷக் கை இரண்டாம் முறை கொஞ்சம் முன்னே பின்னே வாசிப்பதால்தான் ஒலி விரிகிறது. கடைசியில் குரல்.

முதல் நாள் பெரிய சண்டை. "என் கிடார் எனக்கே லேட்டா கேக்குது!" பஃபர் 1024 சாம்பிளில் இருந்தது. நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால் அதுவே 21 மில்லிசெகண்ட், உள்ளே போய் வெளியே வர அதற்கும் இரட்டிப்பு. 256-க்கு இறக்கியதும் சரியானது. இன்டர்நெட் கால் வழியாகச் சேர்ந்து பாட்டு எழுதலாம், சேர்ந்து தாளத்தோடு வாசிக்க முடியாது என்பதற்கும் இந்தத் தாமதம்தான் காரணம். இந்த ஒரு இடத்தில் மட்டும் என் படிப்பு உதவியது.

இன்னொன்று, பெற்றோர் காதில் போட்டு வைக்க வேண்டியது. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடங்களுக்குச் சொல்லும் அளவு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிஷம். மூடின கராஜில் டிரம்ஸ் அந்த அளவைச் சுலபமாகத் தொடும். ஆகவே காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் குச்சியைத் தொடக்கூடாது. இது மட்டும் நான் விட்டுக்கொடுக்காத விஷயம்.

பென்சில் வரியைப் பதிவு செய்த அன்று என்ன செய்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அந்த வரியில் மட்டும் பின்பாதி நாலு எண்ணிக்கையை ஆறாக நீட்டிவிட்டாள். மகள் அவசரமே இல்லாமல் சொல்லி முடித்தாள், பாட்டு பழையபடி நாலுக்குத் திரும்பியது. கதவோரம் மோர் டம்ளரோடு நின்ற அம்மா தொடையில் விரல் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, நடுவுல ரூபகத்துக்குப் போயிட்டு வர்றீங்களா?"

ரூபகம் என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியாது. பாட்டி உள்ளே வந்து அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து கை தட்டிக் காட்டினார். மைக் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பேச்சு முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அழிக்கலாமா என்று மகளைக் கேட்டேன். "வேணாம், பாட்டுக்கு முன்னாடி போடலாம்" என்கிறாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குரல் கட்டியிருந்ததாம், அடுத்த சனிக்கிழமை திரும்ப எடுக்கணுமாம்.