யாழ்ப்பாணத்தில் காணி வாங்குமுன்

சேமலாப நிதி கைக்கு வந்ததும் யாழ்ப்பாணத்துல சின்னக் காணி ஒன்று வாங்கிப் போட்டால் பிற்காலத்துக்கு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவசரப்படாதீங்க.

அங்கே பரப்புக் கணக்கு. ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஒரு ஏக்கர். சொல்லும் விலை பரப்புக்கா, பேர்ச்சுக்கா என்று கேளுங்க.

பங்குக் காணி என்றால் கவனம். 1947ஆம் ஆண்டுத் தேசவழமைக் கட்டளைச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கும் விற்பவரின் வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம். "அண்ணன் வெளிநாட்டில், ஒன்றும் சொல்லமாட்டார்" என்ற பேச்சை நம்பாதீங்க.

உறுதியையும் ஈட்டையும் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். எல்லையை அளப்பியுங்கள். பிறகே நொத்தாரிசிடம் போங்கள். நொத்தாரிசு இல்லாமல் எழுதிய வெறும் கடதாசியால் காணி உங்களுடையதாகாது.