ஏரியின் வரவும் செலவும்

அனுப்பம்பட்டு, பொன்னேரிப் பக்கத்து நெல்வயல்களுக்கு இடும் தழைச்சத்து முழுவதையும் பயிரே உண்பதில்லை. ஒரு பகுதி நைட்ரேட்டாக மழைநீரில் கரைகிறது. இத்தகைய வயல்நீரை ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் சேர்க்கிறது. அங்கே நுண்பாசிகள் அச்சத்தை உண்கின்றன. மடிந்த பாசியையும் மட்கையும் இறால் குஞ்சுகள் மேய்கின்றன. வலையில் விழும் இறாலோடு வயலின் சத்து மீண்டும் கரையேறுகிறது. சிக்கனமான குடித்தனம் என்றே இதனைச் சொல்வேன்.

ஆனால், நேயர்களே, அக்குஞ்சுகள் ஏரியில் பிறந்தவையல்ல. கடலில் பிறந்து முகத்துவாரத்தின் வழியே வருபவை. மணல் அவ்வாயிலைத் தூர்த்துவிட்டால் சத்தைக் கரையேற்ற ஆளில்லை. கோடையில் ஏரிநீர் வற்றி, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரினும் கரிப்பாகிவிடும். வெப்பமும் உப்பும் மிகுந்த நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். உள்ளதையும் அழுகும் பாசி தீர்த்துவிடுகிறது. மீனவர்கள் மணல்மேட்டைத் தாமே வெட்டி வழி திறப்பது இதனால்தான்.