பந்து யாருடையது? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தீராத 'ஃபம்பிள்' சர்ச்சை

அமெரிக்கர்கள் 'ஃபுட்போல்' என்று சொல்வது நாம் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும், றக்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லக்கூடிய ஆட்டம். அதிலும் பல்கலைக்கழக அணிகள் மோதும் போட்டிகளுக்கு அங்குள்ள மவுசு தனி. மிச்சிகன், ஓஹியோ ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களின் அரங்குகளில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் உட்காரலாம்.

ஓஹியோவில் படிக்கும் என் சகோதரியின் மகன் 2019 டிசம்பரில் நடந்த ஒரு போட்டியைப் பற்றி இன்றும் மனம் ஆறாமல்தான் பேசுகிறான். "மாமா, நீங்களே பாத்து சொல்லுங்க, அது ஃபம்பிள்தானே?" என்று காணொளித் துண்டொன்றை அனுப்பியிருந்தான். கொழும்பிலும் கண்டியிலும் பாடசாலை றக்பி பார்த்து வளர்ந்தவன் என்ற தைரியத்தில் உடனே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஆட்டத்தின் சட்டம் வேறொரு தர்க்கத்தில் இயங்குகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் யார் பக்கமும் பேச முடியாது.

றக்பியில் கையிலிருந்த பந்து முன்னோக்கி நழுவினால் 'நொக்-ஒன்'. மத்தியஸ்தர் விசில் ஊதுவார், மற்ற அணிக்கு ஸ்க்ரம் கிடைக்கும். பெரிய நட்டமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் அப்படியில்லை. கையில் இருந்த பந்து தவறினால் அதுதான் ஃபம்பிள். எந்தத் திசையில் விழுந்தாலும் பந்து உயிரோடு இருக்கும். எடுத்தவனுக்கே அது சொந்தம். எடுத்தவன் எதிரணி என்றால் அப்படியே ஓடிப்போய் 6 புள்ளிகள் பெறலாம்.

ஆகவே மத்தியஸ்தர் ஒரு நொடிக்குள் பல கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அவனிடம் பந்து உண்மையிலேயே வசப்பட்டிருந்ததா? பந்து நழுவும் முன் அவன் நிலத்தில் விழுந்துவிட்டானா? கல்லூரி ஆட்டத்தில் கையையும் பாதத்தையும் தவிர உடம்பின் எந்தப் பாகம் நிலத்தில் பட்டாலும் ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. யாரும் தொடாமல் தானே சறுக்கி முழங்கால் பட்டாலும் அதே கதைதான். தொழில்முறை லீக்கான என்.எப்.எல். ஆட்டத்தில் எதிரணி வீரன் தொட்டிருக்க வேண்டும். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பவர்கள் சண்டை பிடிப்பதில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தால் வருவது.

பந்தின் மேல் பத்துப் பேர் குவிந்து கிடக்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இரு அணியினரும் ஒரே நேரத்தில் பிடித்திருந்தால், கடைசியாக வைத்திருந்த அணிக்கே பந்து. இப்படிச் சந்தேகம் எழும் பல இடங்களில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகமே சொல்லி வைத்திருக்கிறது. எறிய முற்படும்போது பந்து தவறி, அது எறிதலா ஃபம்பிளா என்று சந்தேகம் வந்தால் எறிதல் என்றே கொள்ள வேண்டும். பிடித்தானா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பிடிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எனக்கு ஒத்துக்கொள்ள முடியாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. முன்னோக்கி நழுவிய பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால், நழுவிய இடத்திலேயே அதே அணிக்குப் பந்து திரும்பக் கிடைக்கும். அதே பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி, கோல் பகுதி வழியாக வெளியே போனால் எதிரணிக்கு 20ஆவது யார் கோட்டில் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எதிரணி பந்தைத் தொட்டிருக்கவே தேவையில்லை. ஒரு முழத் தூரத்தில் இவ்வளவு பெரிய தண்டனையா என்று கேட்டால், கோல் பகுதி புனிதமானது என்பது போல ஏதோ பதில் சொல்கிறார்கள்.

விசில் ஊதும் வரை ஓடு என்பது அங்கு வெறும் பயிற்றுநர் வசனமல்ல. 2014 நவம்பர் 8ஆம் திகதி யூட்டா அணி ஒரேகன் அணியுடன் விளையாடியது. 7-0 என முன்னிலையில் இருந்த யூட்டாவின் கேலின் க்ளே நீண்ட எறிதல் ஒன்றைப் பிடித்துத் தனியாக ஓடினார். கோட்டுக்கு ஒரு யார் இருக்கும்போதே பந்தைக் கைவிட்டுக் கொண்டாடத் தொடங்கினார். அரங்கமும் சேர்ந்து கொண்டாடியது. ஆனால் மத்தியஸ்தர்கள் விசில் ஊதவில்லை. ஒரேகனின் ஜோ வோக்கர் பந்தை எடுத்து மறுமுனை வரை ஓடிவிட்டார். 14-0 ஆகியிருக்க வேண்டியது 7-7 ஆனது. இறுதியில் ஒரேகன் 51-27 என வென்றது. கூட்டத்தின் ஆரவாரத்தில் மயங்கி ஒரு விசில் ஊதப்பட்டிருந்தால் அந்த ஓட்டத்தை எந்தக் காணொளியாலும் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது. விசிலுக்குப் பிறகு உடனடியாகப் பந்தை எடுத்தவனுக்குப் பந்தைக் கொடுக்கலாம். அவன் ஓடிய தூரத்தைக் கொடுக்கச் சட்டம் இல்லை.

ரிப்ளே இல்லாத காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 1979 ஜனவரி 1ஆம் திகதி ரோஸ் போல் போட்டியில் யு.எஸ்.சி. அணியின் சார்ள்ஸ் வைட் கோட்டைத் தாண்டும் முன்பே பந்தை இழந்தார். பந்து மிச்சிகன் அணியிடம் போய்ச் சேர்ந்தது. மத்தியஸ்தரோ கையை உயர்த்தி டச்டவுன் கொடுத்தார். யு.எஸ்.சி. 17-10 என வென்று, அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்தையும் அலபாமாவுடன் பகிர்ந்துகொண்டது. மிச்சிகன்காரர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

2004இல் பிக் டென் லீக் காணொளி மீள்பார்வையைப் பரீட்சித்துப் பார்த்தது; பின்னர் அது நாடு முழுவதும் பரவியது. ஆனால் நம்மவர்கள் நினைப்பது போல 'உண்மையில் என்ன நடந்தது' என்று காணொளி அறையில் தேடுவதில்லை. மைதானத்தில் கொடுத்த தீர்ப்பு சரியானது என்ற அனுமானத்தில்தான் மீள்பார்வை தொடங்க வேண்டும். எந்தச் சந்தேகத்துக்கும் இடமின்றி அது பிழை என்று காணொளி காட்டினால் மட்டுமே மாற்றலாம். இல்லாவிட்டால் பழைய தீர்ப்பே நிற்கும். கிரிக்கெட்டில் பிடியெடுப்புகளுக்கு இருந்த 'சொஃப்ட் சிக்னல்' முறையும் இதே தர்க்கம்தான். ஐ.சி.சி. அதை 2023இல் கைவிட்டது. அமெரிக்கக் கால்பந்து விடவில்லை.

இப்போது மருமகனின் போட்டிக்கு வருவோம். 2019 டிசம்பர் 28, ஃபியெஸ்டா போல் அரையிறுதி. க்ளெம்சன் 21, ஓஹியோ ஸ்டேட் 16. மூன்றாம் கால்பகுதியில் க்ளெம்சனின் ஜஸ்டின் ரொஸ் பந்தைப் பிடித்துச் சில அடிகள் வைத்தார். ஜெஃப் ஒகூடா அதைப் பறித்துத் தட்டிவிட, ஜோர்தான் ஃபுல்லர் எடுத்து ஓடி டச்டவுன் போட்டார். மைதானத்தில் தீர்ப்பு: பிடித்தார், இழந்தார், டச்டவுன். ஓஹியோ ஸ்டேட் முன்னிலைக்குப் போக வேண்டிய கட்டம். ஆனால் மீள்பார்வையில், ரொஸ் பந்தை முழுதாக வசப்படுத்தவே இல்லை, ஆகவே அது நிறைவுறாத எறிதல் என்று மாற்றினார்கள். க்ளெம்சன் 29-23 என வென்று இறுதிப் போட்டிக்குச் சென்றது.

மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ரொஸ் பந்தை வைத்திருந்தார் என்றும் வாதிடலாம், இல்லை என்றும் வாதிடலாம். இரண்டு பக்கமும் வாதிட முடிகிறது என்றாலே மைதானத் தீர்ப்பு நின்றிருக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. சந்தேகம் இருந்தால் 'பிடிக்கவில்லை' என்று கொள்ளும்படி சொல்லும் சட்டம் மைதானத்தில் நிற்கும் மத்தியஸ்தருக்கானது. அவர் தன் கண்ணால் பார்த்துச் சந்தேகமில்லை என்று தீர்ப்பளித்த பிறகு, காணொளி அறையில் இருப்பவர் அந்தச் சட்டத்தை மறுபடி கையில் எடுப்பது ஒரே வழக்கை இரண்டு தடவை விசாரிப்பது போன்றது. மெதுவான காட்சி நேரத்தை இழுத்துக் காட்டும். அரை நொடிகூட நிலைக்காத பிடியை நீண்ட பிடியாகவும் காட்டும், நல்ல பிடியைத் தடுமாற்றமாகவும் காட்டும்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 2015 ஒக்டோபர் 31ஆம் திகதி டியூக் பல்கலைக்கழகம் 27-24 என முன்னிலையில் இருக்க, கடைசி உதையைப் பிடித்த மியாமி வீரர்கள் 8 தடவை பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடி டச்டவுன் போட்டார்கள். இடையில் ஒரு மியாமி வீரரின் முழங்கால், பந்து கையில் இருக்கும்போதே நிலத்தில் பட்டிருந்தது. ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். சுமார் 9 நிமிடம் காணொளியைப் பார்த்தும் தீர்ப்பை மாற்றவில்லை. மறுநாள் ஏ.சி.சி. லீக் தவறை ஒப்புக்கொண்டு, மத்தியஸ்தர்களையும் மீள்பார்வை அதிகாரியையும் இரண்டு போட்டிகளுக்கு இடைநிறுத்தியது.

டியூக் மாணவர்களுக்கு வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை. 1940இல் டார்ட்மத் அணிக்கு எதிராகத் தவறுதலாகக் கிடைத்த ஐந்தாவது முயற்சியில் 7-3 என வென்ற கோர்னெல் அணி, பின்னர் தானாகவே வெற்றியை விட்டுக்கொடுத்தது. போட்டி 3-0 என டார்ட்மத்துக்குப் பதிவானது. 1990இல் கொலராடோவும் அதே மாதிரியான ஐந்தாவது முயற்சியில் மிசூரியை 33-31 என வென்றது. விட்டுக்கொடுக்கவில்லை, அந்த வருடப் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டது. மியாமி - டியூக் போட்டியும் 30-27 என மியாமியின் வெற்றியாகவே பதிவேட்டில் இருக்கிறது.