தாலாட்டில் தொடங்கும் பாடம்

கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆறாம் மாதத்தை ஒட்டிக் காது கேட்கத் தொடங்குகிறது. அதற்கு மிக நெருக்கமாகக் கேட்பது தாயின் குரல். பிறந்தபின் அதே குரல் தாலாட்டாக வருகிறது. தாலாட்டில் சொற்கள் நீளும், ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், எதுகை வந்து விழும். ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குழந்தை பிரித்தறிய இது பெரிய துணை. சொற்களின் ஓசையைப் பிரித்துக் கேட்கப் பழகிய பிள்ளைக்குப் பின்னாளில் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் எளிதாகிறது. பாடும் தாய் பிள்ளையின் கண் செருகும்போது குரலைத் தணிப்பாள். சிணுங்கினால் மீண்டும் முதலடிக்குப் போவாள். கைபேசியில் ஓடும் தாலாட்டுக்கு அந்தக் கண் கிடையாது.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழ் வீட்டில் ‘ஆராரோ’, தெலுங்கு வீட்டில் ‘ஜோ ஜோ’. இந்த வீட்டுப் பாட்டுகளைத் தெலுங்கில் கோயில் வரைக்கும் கொண்டுபோனவர் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503). திருமலை வேங்கடவன் மீதும், திருச்சானூரில் கோயில் கொண்ட அலமேலுமங்கை மீதும் ஆயிரக்கணக்கில் பாடியவர், தாலாட்டையும் நிலாப் பாட்டையும் விட்டுவைக்கவில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது ஆந்திரத் தாய்மார் பாடும் ‘சந்தமாமா’ பாட்டு அவருடையது என்றே வழங்குகிறது. தமிழில் பெரியாழ்வார் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்ணனைத் தொட்டிலிட்டுப் பாடியிருக்கிறார். அம்புலியை விளையாட அழைத்திருக்கிறார். பின்னர் பிள்ளைத்தமிழ் இலக்கணம் இவற்றைத் தாலப் பருவம், சப்பாணிப் பருவம், அம்புலிப் பருவம் என வரிசைப்படுத்தியது. குழந்தை வளரும் படிகளைப் பாட்டைக் கொண்டே குறித்து வைத்தார்கள்.

அன்னமாச்சாரியாரின் வீடே ஒரு பள்ளிதான். மனைவி திம்மக்கா ‘சுபத்ரா கல்யாணம்’ இயற்றியவர். மகன் பெத்த திருமலாச்சாரியாரும் பேரன் சின்ன திருமலாச்சாரியாரும் கீர்த்தனை பாடினார்கள். இந்தக் குடும்பத்தாரின் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயில் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறத் தொடங்கின. ஏடுகளில் ராகத்தின் பெயர் இருந்தது, பாடும் முறை இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி போன்றோர் புதிதாக மெட்டமைக்க வேண்டியிருந்தது. செம்பு சொல்லைக் காத்தது. மெட்டைக் காக்க ஒரு வாயும் அதைக் கேட்கும் ஒரு பிள்ளைக் காதும் வேண்டும். 1978இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கியபின் இந்தப் பாடல்கள் மேடைக்கும் பாட்டு வகுப்புகளுக்கும் பரவலாக வந்து சேர்ந்தன.

முறையான பாட்டு வகுப்பில் குழந்தை முதலில் கற்பது சரளி வரிசை. ஆதி தாளத்துக்குக் கை ஒரு தட்டு தட்டும். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என எண்ணும். பிறகு தட்டி வீசி, மறுபடி தட்டி வீசி முடிக்கும். எட்டு எண்ணிக்கை கொண்ட இந்தச் சுற்று ஓர் ஆவர்த்தனம். ஏறி இறங்கும் பதினாறு சுரங்களை முதல் காலத்தில் பாட இரண்டு ஆவர்த்தனம் ஆகும். இரண்டாம் காலத்தில் ஒன்றே போதும். மூன்றாம் காலத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்குள் இருமுறை பாட வேண்டும். கை ஒரே வேகத்தில் போக, வாய் இரட்டிக்க வேண்டும். வாய்ப்பாடு படியாத பிள்ளைக்கும் இரண்டும் நான்கும் எட்டும் விரலில் பதிந்துவிடும். கவனமும் மூச்சுக்கட்டும் இதனூடாகவே வருகின்றன.

சேர்ந்து பாடுவதில் வேறொரு பயிற்சி இருக்கிறது. பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கவோ உயர்த்தவோ வேண்டும். வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளையும் கூட்டத்தோடு பாடிவிடும். திக்கிப் பேசுவோர் பலர் பாடும்போது திக்குவதில்லை. ஹங்கேரியில் ஸோல்டான் கோடாய் தாய்நாட்டு நாட்டுப்பாடல்களையே பள்ளி இசைக்கு அடிப்படையாக்கினார். தமிழில் கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் எழுதிய குழந்தைப் பாட்டுகளும் பாடத்தான். அவற்றை ஒப்பிக்க வைத்து மதிப்பெண் போடும் வகுப்பில் பாதிப் பயன் போய்விடுகிறது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பிள்ளைகளின் குரல்வளை சிறியது. ஆசிரியர் தம் சுருதிக்கு இழுத்தால் தொண்டை கட்டும். காலைக் கூட்டத்தில் பாட்டைக் கத்த வைப்பதும் அப்படியே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதையொட்டிப் பையன்களின் குரல் உடையும்போது தாழ்ந்த சுருதியில் மெதுவாகப் பாட விடலாம்; கூச்சத்தில் நிறுத்திவிடும் பையன்கள் திரும்பப் பாட வராமலே போகலாம்.