சாட்சியை விலக்கிச் செய்யும் உப்பு

கந்தகத் திராவகத்திலிருந்து மயில்துத்தம் செய்ய முற்படுகிறவனுக்குக் கவலை குறைவு. நீர்த்த திராவகத்தைச் சற்றே சூடேற்றி, கருநிறத் தாமிர ஆக்ஸைடுப் பொடியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்து, இனிக் கரையமாட்டேன் என்று பொடி அடியில் தங்கத் தொடங்கும்போது நிறுத்தி, மிஞ்சியதை வடிதாளில் வடித்துவிட்டால், நீலத் திரவம் தெளிவாகக் கீழே இறங்கிவிடும். மிகுதி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. சோடியம் ஹைட்ராக்ஸைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொண்டு உப்புச் செய்பவனுக்கோ அந்த வசதி இல்லை. காரம், அமிலம், பிறக்கும் லவணம் ஆகிய மூன்றுமே நிறமற்று நீரில் கரைந்து நிற்பவையாதலால், எது மிஞ்சினாலும் கண்ணுக்குத் தெரியாது, வடிதாளும் அதைத் தடுக்காது. மிச்சமே இல்லாதபடி சரிக்குச் சரியாகக் கலந்தாக வேண்டும். அதற்கான உபாயமே தரம் பார்த்தல்.

உப்புச் செய்வதற்காக இது தோன்றியதன்று. சோப்பும் கண்ணாடியும் செய்வோருக்கும் துணி வெளுப்போருக்கும் விற்கப்பட்ட சோடாவில் மெய்யான சரக்கு எவ்வளவு என்று அறிய வேண்டிய வியாபார அவசியமே ஐரோப்பாவில் இம்முறையை வளர்த்தது. பிரான்சின் கே லூசாக் 1824இல் பியூரெட், பிப்பெட் என்னும் பெயர்களை வழக்கில் கொண்டுவந்தார். ஜெர்மனியின் மோர் 1855இல் இதற்கென்றே ஒரு பாடநூல் வெளியிட்டார்.

பிப்பெட்டால் 25 மில்லிலிட்டர் காரக் கரைசலை அளந்து கூம்புக் குடுவையில் விட்டு, பினாப்தலீன் என்னும் நிறங்காட்டியை இரண்டு சொட்டுச் சேர்த்தால் திரவம் ரோஜா வர்ணம் கொள்ளும். குடுவையின் கீழே வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை வைத்து, பியூரெட்டின் திருகை இடக்கையால் திறந்து, வலக்கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே அமிலத்தை விட வேண்டும். முதலில் சொட்டு விழுந்த இடம் மாத்திரம் வெளிறி உடனே சிவப்பதும், போகப் போக அவ்வெளிறல் மறையத் தயங்குவதும், முடிவில் ஒரே ஒரு சொட்டு குடுவை முழுவதையும் நிறமற்றதாக்கிவிடுவதும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. பியூரெட்டை அமிலத்தாலும் பிப்பெட்டைக் காரத்தாலும் அலசும் மாணவன், அதே உற்சாகத்தில் குடுவையையும் காரத்தால் அலசிவிட்டால் கணக்குக் கெட்டது. சுவரில் ஒட்டிய துளிகள் 25க்கு மேற்பட்டவை. குடுவைக்குக் காய்ச்சி வடித்த நீர்தான்.

இனித்தான் சூட்சுமம். நிறமிழந்த அக்கரைசலில் உப்பு இருந்தும் அது நமக்கு உதவாது. பினாப்தலீனும் உடன் கலந்திருக்கிறது. ஒத்த அளவு கிடைக்கும்வரை திரும்பச் செய்து, 24.6 என்பது போன்றதோர் எண்ணைக் குறித்துக்கொண்டு, குடுவைகளைக் கொட்டிவிட வேண்டியதே. பின்னர்ப் புதிதாக அளந்த காரத்தில், நிறங்காட்டி இல்லாமலே, அதே 24.6 மில்லிலிட்டர் அமிலத்தைச் சேர்க்கிறோம். சாட்சி சொல்ல எதுவுமின்றி, எண்ணை நம்பியே கை இயங்குகிறது. கரித்தூள் இட்டு நிறங்காட்டியை நீக்கும் வழியும் உண்டென்றாலும், கலந்ததை நீக்குவதைவிடக் கலவாதிருப்பதே உசிதமென்பது என் எண்ணம்.

பீங்கான் கிண்ணத்தில் காய்ச்சும்போது உப்புக்கு உப்பு குணம் வேறு. சோடியம் குளோரைடு வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரைவதால் ஆறவைத்துப் பயனில்லை. மெல்ல வற்றவிட்டால் கனசதுர ஸ்படிகங்கள் அமையும். லிட்டருக்கு 40 கிராம் காரம் கரைந்த கரைசலானால், 25 மில்லிலிட்டருக்குக் கிடைப்பது ஒன்றரைக் கிராமுக்கும் சற்றுக் குறைவே. பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடோடு நைட்ரிக் அமிலம் சேர்ந்து பிறக்கும் வெடியுப்போ, 100 கிராம் நீரில் 60 டிகிரி சென்டிகிரேடில் ஏறக்குறைய 110 கிராமும் 20 டிகிரியில் 32 கிராமுமே கரைவதாதலால், செறிந்த கரைசல் ஆற ஆற ஊசி ஊசியாக இறங்கும். உரமாகும் அம்மோனியம் சல்பேட்டுக்குப் பினாப்தலீன் உதவாது. அம்மோனியா வலுக்குறைந்த காரமாகையால் மெத்தில் ஆரஞ்சு வேண்டும். மிஞ்சிய அம்மோனியா காய்ச்சும்போதே பறந்துவிடுவதால், அங்கே அளவில் சற்று அசட்டையாகவும் இருக்கலாம்.

கந்தகத் திராவகத்தைச் சோடியம் ஹைட்ராக்ஸைடோடு தரம் பார்த்தவர்க்கு ஒரே எண்ணைக் கொண்டு இரண்டு லவணம்: கண்ட அளவு திராவகத்தை விட்டால் சோடியம் சல்பேட்; அதே காரத்துக்கு இருமடங்கு விட்டால், அமிலத்தன்மை மாறாத சோடியம் பைசல்பேட்.