பிளக்கில் எத்தனை வளையம்? சின்ன மைக் வாங்குமுன் எண்ணிப் பாருங்கள்

தஞ்சை பக்கம் ஒரு கிராமத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இரண்டு மணி நேரம் எனக்காக நடவுப் பாட்டுப் பாடினார். கையடக்க ரெக்கார்டரில், புதிதாக வாங்கிய காலர் மைக்கைச் செருகியிருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, விநாடிகள் ஓடின. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் 'உஸ்' என்ற இரைச்சல் மட்டுமே. மறுவாரம் போனபோது பாதிப் பாட்டுதான் வந்தது. "அன்னைக்குத் தானா வந்துச்சு தம்பி, இன்னைக்கு வரமாட்டேங்குதே" என்றார்.

மைக்கின் விலை சில நூறு ரூபாய்தான். போன பாட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பாட்டி தாத்தாவின் குரலையோ ஊர்க் கதையையோ பதிவு செய்யக் கிளம்பும் யாருக்கும் இந்த இழப்பு நேரக்கூடாது.

வாங்கும்போது

தவறு பிளக்கில் இருந்தது. 3.5 மி.மீ. பிளக்குகள் எல்லாம் ஒரே துளைக்குள் நுழையும்; உள்ளே இணைப்பு வேறு வேறு. உலோக முனையில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் செல்போனுக்கானது. கடைக்காரர்கள் டிஆர்ஆர்எஸ் என்பார்கள். இரண்டு இருந்தால் டிஆர்எஸ். கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் உரியது. செல்போன் மைக்கை ரெக்கார்டரில் நேராகச் செருகினால் குரல் போய்ச் சேராது. வெளி மைக் செருகியதும் கருவியின் சொந்த மைக்கும் பெரும்பாலும் அணைந்துவிடும். அப்படித்தான் என் பதிவு ஊமையானது. கையில் இருப்பது செல்போன் மைக் என்றால், அதை டிஆர்எஸ்ஸாக மாற்றும் சின்ன அடாப்டர் போதும்.

அடுத்தது மின்சாரம். காலர் மைக்குகளில் பெரும்பாலானவை எலெக்ட்ரெட் வகை. அவற்றுக்கு இரண்டு மூன்று வோல்ட் வேண்டும். அதை ரெக்கார்டரே அதே துளை வழியாகத் தரும். மெனுவில் 'பிளக்-இன் பவர்' இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். அந்த வசதி இல்லாத கருவிக்கு, பட்டன் பேட்டரி போடும் மைக் வேண்டும். லைன்-இன் துளையில் மைக்கைச் செருகாதீர்கள். ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

சட்டையில் குத்தும் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி வகையாக இருப்பது நல்லது. பேசுபவர் தலையைத் திருப்பினாலும் குரல் அதிகம் மாறாது. உரசலும் காற்றிரைச்சலும் குறைவு. வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தூரம் இரு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். மின்விசிறிச் சத்தம் அப்படியே இருக்கும். பட்டுச் சேலையின் சரசரப்பும், கழுத்துச் சங்கிலி மைக்கில் மோதும் 'டிக் டிக்'கும் பதிவில் பெரிதாகக் கேட்கும். சங்கிலி படாத இடத்தில் மைக்கை வைத்து, வயரைத் துணியோடு டேப் போட்டு ஒட்டுங்கள்.

வீட்டில் ஓர் ஆபத்து

பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து. காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பழைய பேட்டரியையும் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

உங்கள் உரிமை

நான் வாங்கிய பொருளின் விளம்பரம் 'எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்' என்றது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் வாங்கிய பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கடையில் வாங்கினாலும் இப்படித்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அதே குற்றம்தான்.

தீர்வுக்கு வழி

பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ மூன்றையும் வைத்திருங்கள். முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

பாடுபவரின் உரிமை

மைக்குக்கு முன்னால் இருப்பவருக்கும் உரிமை உண்டு. நிகழ்த்துபவரின் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் 50 ஆண்டுகள் காக்கிறது. எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே பொத்தானை அழுத்துங்கள். அந்தச் சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.

நான் அன்று ஹெட்போனைக் காதில் மாட்டி ஒரே ஒரு நிமிடம் கேட்டிருந்தால் அந்தப் பாட்டு முழுசாக இருந்திருக்கும். மைக் வாங்கிய அன்றே உங்கள் கருவியில் செருகி, பேசி, போட்டுக் கேளுங்கள். பதிவுக்குப் போன இடத்திலும் முதல் நிமிடத்தைக் கேட்டுவிட்டு, "இனிப் பாடுங்கம்மா" என்று சொல்லுங்கள்.