அடாப்டரைக் காட்டு, தம்பி

ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கிக்கொண்டு வருகிற பையன்களிடம் நான் முதலில் கேட்பது அடாப்டரைத்தான். "நூறும் நூறும் இருநூறு வாட்ஸ்ண்ணே, டப்பாவிலேயே போட்டிருக்கு" என்பார்கள். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 24 வாட்ஸ். உள்ளே வருவதே 24 என்றால், வெளியே 200 எங்கிருந்து வரும்?

"அப்ப ஏமாத்திட்டானாண்ணே?"

போர்டைக் குறை சொல்ல மாட்டேன். டப்பாவில் அச்சடித்தவனைத்தான் சொல்ல வேண்டும். இந்த மலிவு போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 என்ற ஐசி. 21 வோல்ட் கொடுத்து 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் பக்கத்துக்கு 50 வாட்ஸ் என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அதுவும் பாட்டு 10 சதவீதம் சிதைந்த நிலையில். காதுக்கு இதமாகக் கேட்க வேண்டுமென்றால் அதற்கும் கீழேதான் நிற்க வேண்டும்.

கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 12 வோல்ட்டும் 8 ஓமும் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க 9 வாட்ஸ். அதே போர்டுக்குப் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் 22 வாட்ஸைத் தொடும். கையில் கிடைப்பது இதைவிடக் கொஞ்சம் குறையும், கூடாது. வீட்டில் லேப்டாப் செத்து அடாப்டர் மட்டும் உயிரோடு கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

22 வாட்ஸ் போதுமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கல்யாண மண்டபத்து செட்டைப் பார்த்து வளர்ந்த கண் அது. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்ஸில், ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் கொடுக்கும். பக்கத்து அறையில் இருப்பவர் "குறைடா" என்று கத்துவதற்கு அது தாராளம். வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 20 வாட்ஸ் போர்டை விட்டு 40 வாட்ஸ் போர்டுக்குப் போகக் கொடுக்கும் காசு, காதுக்கு அவ்வளவாகத் தெரியாமலேயே போய்விடும்.

எஸ்டிகே ஐசி, டிடிஏ 7294 என்று பழைய பாணி ஆம்ப் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். நல்ல ஓசைதான், மறுக்கவில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், கேபினட் என்று போர்டைவிட மற்றதற்கே அதிகம் செலவாகும். டூப்ளிகேட் ஐசியும் நிறைய நடமாடுகிறது. புதிதாகக் கை வைப்பவர்கள் 230 வோல்ட்டின் பக்கமே போகாமல் அடாப்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மிச்சப்படுத்திய காசை ஸ்பீக்கரிலும் அதன் கூட்டிலும் போடுங்கள். கூடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. ஆறங்குல ஸ்பீக்கர் ஒன்றை வெறுமனே மேசையில் வைத்து இளையராஜா பாட்டு ஒன்றைப் போடுவேன். பேஸ் கிடாரே இருக்காது, எல்லாம் கீச்சுக்குரல். பிறகு டிவி வந்த பெரிய அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை அதில் அழுத்திப் பிடிப்பேன். போன பேஸ் திரும்பி வரும். கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. நடுவில் தடுப்பில்லாவிட்டால் முன்காற்றும் பின்காற்றும் கலந்து, தாழ்ந்த ஓசை ஒன்றையொன்று தின்றுவிடும். கூட்டின் முதல் வேலை இந்த இரண்டையும் பிரித்து வைப்பது.

கூடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஸ்பீக்கரே சொல்லும். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வகுத்து, ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய கணக்கு அது. நல்ல கம்பெனி ஸ்பீக்கரோடு வரும் காகிதத்தில் க்யூடிஎஸ், விஏஎஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். க்யூடிஎஸ் 0.5 என்றால், மூடிய கூட்டுக்கு விஏஎஸ் சொல்லும் லிட்டரே அளவு. 0.5-க்குக் கீழே போகப்போகக் கூடு சிறுக்கும், மேலே போகப்போகப் பெருக்கும். காகிதமே இல்லாத ஆறங்குல ஸ்பீக்கருக்கு 10 முதல் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம். உள்ளளவு 20, 25, 28 சென்டிமீட்டர் வைத்து ஆசாரியிடம் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி அடிக்கச் சொன்னால் 14 லிட்டர்.

ஆனால் பானை ஊரான மானாமதுரையில் உட்கார்ந்துகொண்டு பிளைவுட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? எண்பதுகளில் டீக்கடைகளில் பானைக்குள் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்களே, அது விளையாட்டில்லை. 1951இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி ஓல்சன் பலவகை வடிவக் கூடுகளில் ஸ்பீக்கரைப் பொருத்தி அளந்து பார்த்தார். உருண்டைக் கூட்டில்தான் ஓசை மேடுபள்ளமில்லாமல் வந்தது. பெட்டியின் கூரான விளிம்புகளில் ஓசை மோதிச் சிதறும். உருண்டையில் விளிம்பே இல்லை. கழுத்து வைத்த நம் பானை அவருடைய உருண்டை அல்லதான். ஆனாலும் சுட்ட மண் பிளைவுட் பலகை மாதிரி அதிராது.

எங்கள் ஊர் கடம் பேர்போனது என்பதற்காகக் கடத்தைத் தேட வேண்டாம், தண்ணீர்ப் பானை போதும். சுண்டினால் கணீரென்று ஒலிக்கிற, கீறல் இல்லாத பானையாக எடுங்கள். கொள்ளளவு பார்க்க லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி எண்ணினால் தீர்ந்தது. பிறகு வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். மண் குடித்த தண்ணீர் லேசில் போகாது. வயருக்கான ஓட்டையை, டைல்ஸ் போடும் பிட்டால், டிரில்லின் ஹேமரை அணைத்துவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து மெதுவாகப் போட வேண்டும். வாயில் பிளைவுட் வளையம் ஒன்றை எம்-சீலால் ஒட்டி அதன்மேல் ஸ்பீக்கரைத் திருகலாம். உருண்டைக்குள் ஓசை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குவியும் என்பதால் இலவம்பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். அமுக்கித் திணித்தால் தலையணைதான் மிஞ்சும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது காந்தத்தின் பருமனைக் காட்டி மயக்குவார்கள். கோனின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே காயில் உரசுகிற சத்தம் கேட்டால் வேண்டாம். தனியாக ட்வீட்டர் வாங்கிக் கோப்பது சிரமம் என்பவர்களுக்கு, நடுவிலேயே ட்வீட்டர் வைத்து வருகிற ஆறரை அங்குலக் கார் ஸ்பீக்கர் நல்ல வழி. பெரும்பாலும் 4 ஓம்தான், டிபிஏ 3116 தாங்கும்.

இணைக்கும் முன் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் ப்ளஸ் தொட்ட முனைதான் ப்ளஸ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மாறிவிட்டால் அட்டைப்பெட்டி இல்லாத மேசை ஸ்பீக்கர் கதைதான், பேஸ் காணாமல் போய்விடும். ப்ளூடூத் போர்டுக்கும் ஆம்புக்கும் ஒரே அடாப்டர் கொடுத்து "கொய்ங்" என்று இரைந்தால், ப்ளூடூத்துக்கு மட்டும் தனியாக ஒரு செல்போன் சார்ஜர் கொடுத்துப் பாருங்கள்.

பானையை வாய் மேலே பார்க்க வைத்தால் மேல் ஸ்தாயி எல்லாம் கூரைக்குப் போகும். பிரிமணை மேல் உட்காரவைத்து, நீங்கள் உட்காரும் நாற்காலிப் பக்கம் சாய்த்துவிடுங்கள். பிரிமணை கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டயர்த் துண்டை வளைத்துக் கட்டினாலும் நிற்கும்.